மருமகன் விட்ட ரயிலும் மாமன் பார்த்த விளக்கும்

அன்புள்ள மாப்ளைக்கு மாமன் எழுதிக்கொண்டது. நான் இங்க நலம். உங்கத்தை நலம். நாய் நலம். ஆயுத பூஜை லீவுல வந்து கொய்யா மரத்தைச் சுத்தி நீ போட்டுட்டுப் போன ரயில் ரோடும் நலம். ஸ்டேஷன் விளக்குக்குத்தான் கொஞ்ச நாளா கண்ணு நோவு. பொழுது சாயவும் சிமிட்ட ஆரம்பிக்குது, பத்தரை மணி வரைக்கும் சிமிட்டுது, அப்புறம் ஒரேயடியாக் கண்ணை மூடிருது.

போன்ல சொல்லலாம்னுதான் பார்த்தேன். நான் "மாப்ளே"ன்னு ஆரம்பிக்கவும், நீ "மீட்டிங் மாமா"ன்னு முடிக்கவும் சரியா இருக்கு. அதான் பேத்தி நோட்டுல நாலு தாளைக் கிழிச்சு எழுதுறேன். அவ கேட்டா நீதான் கிழிச்சேன்னு சொல்லிருவேன்.

முதல்ல உன்னைப் பாராட்டணும். நம்ம ஊரு ஆலங்குளத்துக்கு ஆள் ஏறுற ரயில் கிடையாது. 1970-ல சிமெண்ட் ஆலை வந்துச்சு, சங்கு ஊதுச்சு, ராத்திரி வானமே வெளுத்துத் தெரிஞ்சுச்சு. ரயில் மட்டும் வரல. எங்கயாவது போகணும்னா சிவகாசிக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறிப் போயித்தான் ரயிலைப் பிடிக்கணும். உங்க தாத்தா சாகுற வரைக்கும் இதைச் சொல்லிப் புலம்புனாரு. நீ ஒருத்தன்தான் மனுப் போடாம, மறியல் பண்ணாம ஊருக்கு ரயிலைக் கொண்டாந்துட்ட. என்ன, தண்டவாளத்து அகலம் 45 மில்லிமீட்டர். ஆள் ஏற முடியாது, எறும்பு ஏறலாம். ஏறுது. ஒன்னும் டிக்கெட் எடுக்கல.

அந்த 45-ஐப் பத்தி உனக்கே தெரியாத ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. 1968-ல நூரம்பெர்க்ல லேமன் கம்பெனிக்காரன் இந்த அகலத்துல தோட்டத்து ரயிலை இறக்குனான். பொம்மைக்கும் நிஜத்துக்கும் கணக்கு, ஒன்னுக்கு இருபத்திரெண்டரை. 45-ஐ இருபத்திரெண்டரையால பெருக்கிப் பாரு. ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர் வரும். அதுதான் மீட்டர் கேஜ். 1927-ல விருதுநகர்ல இருந்து தென்காசிக்குப் போட்ட பாதை அதே அகலந்தான். அந்தத் தண்டவாளத்தைப் பேர்த்தெடுத்து, அகலப் பாதை போட்டு இருபது வருசம் ஆச்சு. செத்துப்போன மீட்டர் கேஜை நீ நம்ம கொய்யா மரத்தடியில பிழைக்க வச்சிருக்க. உனக்கே தெரியாமத்தான் வச்சிருக்க, இருந்தாலும் புண்ணியம் புண்ணியந்தான்.

ஆனா எஞ்சினுக்கு முன்னாடி ஒரு தகரம் நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்னன்னு பேத்திகிட்ட கேட்டேன். பனி தள்ளுறதுக்காம். ஆலங்குளத்துல பனி! சித்திரை மாசம் சிமெண்ட் ரோட்டுல வெறுங்கால வச்சுப் பாருன்னு அந்த எஞ்சின்காரன்கிட்ட சொல்லு. இப்போதைக்கு அந்தத் தகரம் கொய்யாச் சருகைத் தள்ளிக்கிட்டு இருக்கு. ஏதோ, கொடுத்த வேலையைச் செய்யுது.

விளக்குக் கம்பத்துக்கும் அந்த இருபத்திரெண்டரைக் கணக்கைப் போட்டிருக்கலாம். நீ நட்டிருக்குறது ஒன்னரை அடிக் கம்பம். அதை இருபத்திரெண்டரையால பெருக்கு. முப்பத்துமூணே முக்கால் அடி. நீ கட்டுனது ஸ்டேஷனா, கலங்கரை விளக்கமா? பிளாட்பாரத்துல நிக்கிற உன் பொம்மை மனுசன் மூணு அங்குலந்தான் இருக்கான், அவன் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். முக்கா அடிக்கு வெட்டு, சரியா வரும். நான் வெட்டிருவேன். ஆனா வெட்டுன கம்பத்தைப் பார்த்து நீ "மாமா கிராமத்தான், கலை தெரியாது"ன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லுவ.

சரி, சிமிட்டுற கதைக்கு வருவோம்.

நீ அந்த வெளிச்சங் கண்டுபிடிக்கிற கண்ணை, அதான் எல்.டி.ஆர்-னு சொல்லுவியே, மொச்சைக் கொட்டை அளவுல, முகத்துல புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு போட்டிருக்குமே, அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன் கூரைக்குக் கீழ, பிளாட்பாரத்து விளக்குக்கு நேர் எதிர்த்தாப்புல ஒட்டிருக்க. நனையாதுன்னு ஒட்டிருப்ப. நல்ல புத்திதான். அந்தக் கண்ணுக்கு வெயில்ல சில நூறு ஓம் தடை, கும்மிருட்டுல பத்து லட்சம் ஓம். இருட்டுனா தடை ஏறும், பி.சி. 547 டிரான்சிஸ்டர் முழிச்சுக்கிரும், விளக்கு எரியும். அவ்வளவு வரைக்கும் படிச்சுத்தான் செஞ்சிருக்க. விளக்கு எரிஞ்சதும் என்னாகும்? எதிர்த்தாப்புல இருக்குற கண்ணு அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். "ஆகா, விடிஞ்சிருச்சு"ன்னு விளக்கை அணைச்சிரும். அணைஞ்சதும் இருட்டு. "அடடா, பொழுது சாஞ்சிருச்சு"ன்னு மறுபடி எரிய விடும். உன் ஸ்டேஷன்ல ஒரு ராத்திரிக்கு ஆயிரம் தடவை விடியுது மாப்ளே. அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு எத்தனை நாள் சம்பளம் பாக்கின்னு கணக்குப் பார்த்துக்க.

நம்ம வீட்டுல முன்னாடி ஒரு சேவல் இருந்துச்சு. தெருவிளக்கு எரிஞ்சாக் கூவும். குழம்புல கிடக்குற வரைக்கும் அதுக்கு விடியல் எதுன்னு தெரியல. தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து ஏமாந்ததுன்னா உன் விளக்குதான் முதல்னு நினைச்சேன். பேத்தி சொல்றா, ஸ்டேட்டஸ் போட்டுட்டு அதைத் தானே ஒம்பது தடவை பார்க்குற ஆளுக இருக்காங்களாம். நான் உன்னைச் சொல்லல.

இதுக்கு என்ன பண்ணலாம்? நீ ஒன்னும் பண்ணாத. இருக்குற இடத்துலயே இருக்கட்டும், கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டி விடு. இல்லையா, மாமன் பேச்சைக் கேட்கிறதா இருந்தா, அதைப் பேத்தெடுத்து, கறுப்புப் பேனா மூடிக்குள்ள சொருகி, விளக்குக எல்லாத்துக்கும் முதுகைக் காட்டி, வடக்கு வானத்தைப் பார்த்து நிமித்தி வை. கண்ணுன்னா வானத்தைப் பார்க்கணும். இன்னொன்னு, தொழுவத்துப் படலைப் பார்த்திருக்கியா? திறக்க ஒரு தள்ளு வேணும், சாத்த ஒரு தள்ளு வேணும். நடுவுல காத்து ஆட்டுனா ஆடாது. அந்த மாதிரி எரியுறதுக்கு ஒரு இருட்டு, அணையுறதுக்கு அதைவிட நல்லாவே கூடுன ஒரு வெளிச்சம்னு இடைவெளி விட்டுச் சர்க்யூட்டைப் போடு. ரெண்டுக்கும் ஒரே அளவை வச்சா, அந்தி நேரத்துல மேகம் ஒன்னு குறுக்க போனாக்கூட உன் விளக்கு முழிக்கும்.

தீபாவளிக்கு நீ மாமனார் வீட்டுக்குப் போயிட்ட. போகட்டும், புது மாப்ளை, பத்து வருசந்தானே ஆகுது. அன்னைக்கு ராத்திரி உன் ஸ்டேஷனைப் பார்த்திருக்கணும். மேல வாணவெடி பூக்குறப்பல்லாம் கீழ உன் ஊரே இருண்டு போகுது. சிவகாசிக்காரன் வானத்துல வெளிச்சம் போடப் போட, ஆலங்குளம் ஜங்ஷன்காரன் விளக்கை அணைச்சு மரியாதை பண்றான். தெருப் பிள்ளைக எல்லாம் வேலியில நின்னு கை தட்டுச்சுக. நீ வேணும்னே அப்படிச் செஞ்சதா நினைச்சுக்கிருச்சுக. நானும் ஆமான்னுட்டேன்.

நீ கோவப்படாத, நாங்களும் சின்ன வயசுல ரயில் விட்டவங்கதான். ரயில் பட்டாசு தெரியும்ல? இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நூலைக் கட்டி, நடுவுல அதைக் கோத்து, திரியைக் கிள்ளிப் பத்த வச்சா, விர்ருனு தீயைக் கக்கிக்கிட்டு அந்தக் கடைசிக்குப் போகும், அடுத்த மருந்து பத்திக்கிட்டு இந்தக் கடைசிக்கு வரும். எஞ்சினும் அதுவே, விளக்கும் அதுவே, ஊதலும் அதுவே. பேட்டரி கிடையாது, தண்டவாளம் கிடையாது. ஒரே குறை, ஒரு ட்ரிப்போட வண்டியும் முடிஞ்சு போகும், நூலும் கருகிப் போகும், சில நேரம் தூணுல காயப்போட்ட எங்கம்மா சேலையும் போகும்.

சோலார், சோலார்னு நீ ஏதோ பெங்களூர்ல இருந்து கொண்டாந்த மாதிரி பேசுற. நம்ம சீமை நூறு வருசமா சோலார்லதான் ஓடுது மாப்ளே. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு மறு வருசம் திரும்பி வந்தாங்க. தீப்பெட்டியும் பட்டாசும் இங்க ஊனுனதுக்குக் காரணம், நம்ம பூமியில விளையாத மழையும், விளைஞ்சு கிடக்குற வெயிலுந்தான். பசை காயணும், குச்சி காயணும், மருந்து காயணும், அச்சடிச்ச தாள் காயணும். இன்னைக்கும் எந்தப் பட்டாசு ஆலையில பாரு, காயப்போடுற மேடை இருக்கும். மருந்து ரூம்ல பகல் வெளிச்சத்துலதான் வேலை. கம்பியில ஒரு பொறி பறந்தாப் போச்சு. உள்ள போறவன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்புல இருக்குற மின்சாரத்தை மண்ணுக்குக் கொடுத்துட்டுத்தான் போவான். பொழுது சாயும்போது கதவைச் சாத்திருவாங்க. சூரியனே சுவிட்சு. உன் எல்.டி.ஆர்-க்கு அந்த ஆலைச் சூப்பர்வைசர் அப்பன்.

அந்த வெயிலை நம்பித்தானே பேனல் வாங்குன, அதை எங்க வச்சிருக்க? ஸ்டேஷன் கூரையில. கூரை எங்க இருக்கு? கொய்யா மரத்து நிழல்ல. பாவம், பேனல் வெயில்ல கறுத்துப் போயிரும்னு நிழல் பார்த்து வச்சிருக்க. தாயுள்ளம்.

காலையில வெயில் படுது, ஒத்துக்கிறேன். ஒரு மணிக்கு மேல ஒரு கிளையோட நிழல் குறுக்க விழுது. ஓரத்துல நாலு விரல் நிழல்தானேன்னு நினைக்காத. பேனலுக்குள்ள அந்த வில்லைக ஒன்னுக்குப் பின்னால ஒன்னாக் கோத்துக் கிடக்கு. ஒரு வில்லைக்கு அரை வோல்ட்டுன்னு கூட்டிக் கூட்டித்தான் உனக்கு ஆறு வோல்ட் வருது. நீ பார்த்திருக்க மாட்ட, உங்கம்மாகிட்ட கேளு, களத்துல சூடடிக்கிறப்ப நாலு மாட்டை ஒரே பிணையல்ல கட்டிச் சுத்த விடுவோம். அதுல ஒரு மாடு படுத்துக்கிட்டா, மத்த மூணும் எவ்வளவு கொழுத்த மாடா இருந்தாலும் நின்னுதான் ஆகணும். நிழல் விழுந்த வில்லை, படுத்த மாடு. அதுக்கு எவ்வளவு வருதோ அவ்வளவுதான் மொத்தப் பேனலுக்கும்.

கூரை அழகு போயிரும்னு நினைச்சா, கிணத்து மேட்டுல தனியா வச்சு ஒயரை இழு. தெற்கு பார்த்து வை. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு ஒம்பது டிகிரிச் சொச்சம் வடக்க இருக்கு, அதனால பத்து டிகிரி சாய்ச்சாப் போதும். ஓட்டுச் சாய்ப்பைவிடக் கம்மி. படுக்கப் போட்டா மழைத்தண்ணி நிக்கும், தூசி ஒட்டும். இங்க தூசிக்கா பஞ்சம்? சுண்ணாம்புப் பூமி. அது போதாதுன்னு விடியக்காலம் மயில் வேற வருது. ரெண்டு நாள் முன்ன ஒன்னு வந்து உன் ஜங்ஷன்ல நடுப் பிளாட்பாரத்துல நின்னு, தோகையை விரிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு, பேனல் மேல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. கமுதியில 2016-ல 2,500 ஏக்கர்ல, 648 மெகாவாட்டுக்கு, இருபத்தஞ்சு லட்சம் பேனல் போட்டாங்கள்ல, அதைத் துடைக்க எந்திர மனுசனை வச்சிருக்காங்க. உன் பேனலைத் துடைக்க நான் இருக்கேன். எனக்குச் சார்ஜ் ஏத்த ஒரு காப்பி போதும்.

வெயில் கூடக்கூடக் கரண்டு கூடும்னு நினைச்சு சித்திரைக்குக் காத்திருக்காத. அதுக்கு வேணும்கிறது வெளிச்சம், சூடு இல்ல. இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துல அரைப் பங்குக்குக் கிட்டக் குறையும். அடியில காத்துப் போக இடம் விட்டுத் தூக்கி வை, மனுசன் மாதிரிதான் அதுவும்.

இப்ப ஏன் பத்தரை மணிக்கு உன் ஊர்ல கரண்ட் கட் ஆகுதுன்னு பார்ப்போம். 2012-ல மணிக்கணக்கா இருட்டுல விசிறிக்கிட்டுக் கிடந்தவங்க நாங்க, எங்களுக்குப் பழக்கந்தான், உன் பொம்மைகளுக்குப் பழக்கம் இல்ல பாரு. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பத்து விளக்கு. பிளாட்பாரத்துல நாலு, கேட்டுல ரெண்டு, கைகாட்டியில ரெண்டு, மாஸ்டர் ரூம்ல ஒன்னு, மரத்தடிக் கோயில்ல ஒன்னு. கோயிலுக்கு வச்சியே, அதுக்காகவே நல்லா இருப்ப. ஒரு விளக்குக்கு 5 மில்லியாம்பியர்னு வை, பத்துக்கும் 50. ஆறு மணிக்கு ஏத்தி ஆறு மணிக்கு அணைச்சா பன்னெண்டு மணி நேரம். 600 ஆச்சு. பேட்டரிக்குள்ள 600 போகணும்னா வழிச் சேதாரம் சேர்த்து 800 ஊத்தணும். நம்ம ஊர்ல நல்ல வெயில்னு ஒரு நாளைக்கு 5 மணி நேரத்தைக் கணக்குல எடுத்துக்கலாம். அப்ப 160 மில்லியாம்பியர் கொடுக்குற பேனல் வேணும். நீ வச்சிருக்குற பேனல் முதுகுல என்ன எழுதிருக்கு? 60. அதுலயும் பாதியைக் கொய்யா மரம் தின்னுருது. சிமிட்டுறதால பாதி நேரம் விளக்கு அணைஞ்சு கிடக்கு, அதனாலதான் பத்தரை வரைக்காவது வண்டி ஓடுது. இல்லாட்டி எட்டரைக்கே படுத்துரும். ஒரு தப்பை இன்னொரு தப்பு முட்டுக் கொடுத்து நிக்க வச்சிருக்கு. இப்படிக் குடும்பம் நடத்துறவங்க நம்ம சொந்தத்துலயே நாலு பேர் இருக்காங்க, பேர் சொல்ல மாட்டேன்.

ஐப்பசி கார்த்திகையில மூணு நாள் மூடாக்குப் போட்டா என்ன பண்ணுவ? மூணு ராத்திரிக்குத் தாங்குற மாதிரி 2,000 மில்லியாம்பியர் அவர் பேட்டரி மூணு வாங்கிக் கோத்துக்க. ஒன்னு 1.2 வோல்ட், மூணும் சேர்ந்து 3.6. வெள்ளை எல்.இ.டி-க்கு 3 வோல்ட் போக, மிச்சம் 0.6. ஒவ்வொரு விளக்குக்கும் 120 ஓம் தடை ஒன்னு போடு. பழுப்பு, சிவப்பு, பழுப்புக் கோடு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒன்னே ஒன்னு போட்டுச் சிக்கனம் பண்ணாத. ஒன்னு பிரகாசமா எரியும், ஒன்னு அழுது வடியும், அண்ணன் தம்பி சண்டை மாதிரி ஆயிரும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு டையோடு இருக்கான்னு தேடிப் பார்த்தேன், காணோம். பகல்ல மடை திறந்து குளத்துக்குத் தண்ணி விடுற, ராத்திரி மடையைச் சாத்த வேண்டாமா? சாத்தலைன்னா பகல்ல கொடுத்ததைப் பேனலே ராத்திரி உறிஞ்சும். பேட்டரி இருக்குற இடம் அதைவிட விசேஷம். தகரக் கூரைக்குக் கீழ. மத்தியானம் கை வச்சா சுடுது. சூட்டுல பேட்டரி ஆயுசு குறையும். ஒரு பழைய மண்பானையைக் கொய்யா மரத்தடியில கவுத்து, அதுக்குள்ள வை. நிழலை எங்க வைக்கணுமோ அங்க வெயிலும், வெயிலை எங்க வைக்கணுமோ அங்க நிழலுமா மாத்தி வச்சிருக்க, வேற தப்பு ஒன்னும் இல்ல.

2011-ல இருந்து பசுமை வீடு கட்டிக் கொடுத்தாங்கள்ல, 300 சதுர அடி வீடு, வீட்டுக்கு 5 சூரிய விளக்கு. அந்தப் பேனலைத் தினம் துடைச்சு, பேட்டரியைக் கண்ணும் கருத்துமாப் பார்த்த வீட்டுக்காரி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவ உன்னை மாதிரி கம்ப்யூட்டர் படிச்சவ இல்ல. ஈரத்துணியை மட்டும் படிச்சவ.

விளக்கோட நிறத்தைப் பத்தி ஒன்னு சொல்லணும், இது கேலி இல்ல. நீ போட்டிருக்குற வெள்ளை, நீலம் பாய்ஞ்ச வெள்ளை. பிளாட்பாரத்தைப் பார்த்தா ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு. நம்ம பக்கத்துப் பழைய ஸ்டேஷன்கள்ல எரிஞ்சது மண்ணெண்ணெய். கைகாட்டிக்குப் பின்னால ஒரு விளக்கு தொங்கும். பொழுது சாய லாம்ப்மேன் ஏணியில ஏறித் திரியைத் தூண்டி வச்சுட்டு இறங்குவான். அந்தக் கைகாட்டியில இருக்குற பச்சைக் கண்ணாடியைப் பகல்ல பக்கத்துல போயிப் பார்த்தா பச்சையா இருக்காது, நீலம் பாய்ஞ்சிருக்கும். ஏன்னு எனக்கும் ரொம்ப நாள் விளங்கல. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். மஞ்சளை நீலத்து வழியாப் பார்த்தா டிரைவர் கண்ணுக்குப் பச்சை. எவனோ ஒரு புத்திசாலி, சுடரோட குறையையும் சேர்த்துக் கண்ணாடி ஊத்திருக்கான். நீ அந்த மாதிரி நீலக் கண்ணாடி வச்சு, பின்னால வெள்ளை எல்.இ.டி போட்டேன்னா வண்டிக்காரன் நீலத்தைப் பார்த்துட்டுக் குழம்பி நிப்பான்.

அதனால மஞ்சள் எல்.இ.டி வாங்கு. இல்லைன்னா சிவகாசியில அச்சாபீஸ் வாசல்ல கிழிஞ்ச மஞ்சள் கண்ணாடித்தாள் கிடக்கும், ஒரு துண்டைச் சுத்தி விடு. 5 மில்லியாம்பியரும் வேண்டாம், ஒன்னோ ரெண்டோ போதும். இருட்டுல ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாத்தான் பொம்மை ஊர் ஊர் மாதிரி இருக்கும், கல்யாண மண்டபம் மாதிரி எரிஞ்சா பிளாஸ்டிக்கு தெரியும். கரண்டும் மிச்சம், பார்த்தியா, அழகும் சிக்கனமும் ஒரே வீட்டுல பொண்ணெடுத்த மாதிரி.

ரயில் பெட்டிக்குள்ள எரியுற விளக்குக்குத் தனியா பட்டன் பேட்டரி போட்டிருக்க. தீர்ந்து போச்சு. பழைய வண்டியில என்ன பண்ணினான்? சக்கரத்து அச்சுல பெல்ட்டை மாட்டி, அடியில டைனமோவைச் சுத்த விட்டு, 24 வோல்ட்டுல பேட்டரியை நிரப்புனான். வண்டி ஓடும்போது விளக்கு சிரிக்கும், ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் நின்னா முகம் வாடும். இப்ப வந்து கூரையிலயே பேனல். 2017-ல டெல்லிப் பக்கம் விட்ட டீசல் வண்டிக்குப் பெட்டிக்கு 16 பேனல், பெட்டி நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல செஞ்சது. ஃபேனும் லைட்டும் சூரியன்ல ஓடுச்சு, வண்டியை இழுத்தது டீசல்தான். பேப்பர்ல சூரிய ரயில்னு போட்டான். உன்னை மாதிரி அவனுக்கும் விளம்பரம் தெரிஞ்சிருக்கு.

புனேயில ஜோஷின்னு ஒருத்தர், ஆயுசு முழுக்கச் சேர்த்து 1998-ல குட்டி ரயிலுக்குன்னே ஒரு அருங்காட்சியகம் திறந்தாரு. அங்க ஊருக்கு ராத்திரி வர்ற மாதிரி ரூம் விளக்கைக் குறைப்பாங்களாம். ரூமுக்குள்ள அது சுளுவு. குவாலியர் ராஜா வீட்டுல விருந்து மேசை மேல வெள்ளி ரயில் சாராயத்தைச் சுமந்துக்கிட்டு ஓடுச்சு, அதுக்கு மயில் தொல்லை கிடையாது. நீ வெட்டவெளியில, மழைக்கும் வெயிலுக்கும் எலிக்கும் நடுவுல விட்டிருக்க பாரு, அங்கதான் உன் தைரியம் இருக்கு. எலி ஒயரைக் கடிக்க ஆரம்பிச்சாச்சு, குழாய்க்குள்ள விட்டு எடு. நாயைப் பத்திக் கவலை வேண்டாம். நம்ம நாய் சிப்பிப்பாறைச் சாதி, முயல் விரட்டுனது. முதல் நாள் உன் ரயிலை விரட்டுச்சு. மூணு சுத்து சுத்திட்டு, எங்கயும் போகாம ஒரே இடத்தைச் சுத்துறதைத் தெரிஞ்சுக்கிட்டுப் படுத்துருச்சு. அதுக்கு விளங்குனது உனக்கு இன்னும் விளங்கல.

உங்கத்தைக்கு இது எதுவும் தேவையில்ல. வேலியில பீர்க்கங்கொடி கிடக்கு. சாயங்காலம் மஞ்சளாப் பூ விரியும். விரிஞ்சா எந்திரிச்சுப் போயி விளக்கேத்துவா. நாப்பது வருசமா எந்தக் கொடியும் சிமிட்டுனதே இல்ல. பேட்டரி கேட்டதும் இல்ல. "உங்க மருமகன் லட்சக்கணக்குல படிச்சு என்னத்தைக் கண்டுபிடிச்சான்?"னு கேக்குறா. "பீர்க்கம்பூ"ன்னேன்.

கடைசியா ஒரு விஷயம். நான் வாய்ச்சொல் வீரன் மட்டும் இல்ல, ஆலையில எலெக்ட்ரிக்கல் செக்ஷன்ல ஹெல்பரா இருந்து ரிட்டயர்டு ஆனவன்னு உனக்குத் தெரியும். உன் கேட் விளக்கு ரெண்டையும் நானே மாத்திட்டேன். பஜார்ல வாங்குன தோட்டத்து விளக்கு ஒன்னு உடைஞ்சு கிடந்துச்சு. அதுக்குள்ள நாலு கால் வச்ச ஒரு சில்லு, கியூஎக்ஸ் 5252-னு போட்டிருக்கும். தனியா எல்.டி.ஆர் வேண்டாம், பேனலே கண்ணு. பேனல்ல வோல்ட் வந்தா பகல், பேட்டரிக்கு ஊத்தும். பேனல் செத்தா ராத்திரி, விளக்கை ஏத்தும். ஒரே ஒரு 1.2 வோல்ட் பேட்டரி. விளக்கு கேக்குறதோ மூணு வோல்ட். பக்கத்துல ஒரு சின்னக் கம்பிச்சுருளை வச்சுக்கிட்டு, ஏத்தத்துல தண்ணி இறைக்கிற மாதிரி, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இறைச்சு மேல ஏத்துது. பேனலை வானத்தைப் பார்த்து வச்சிட்டேன். பத்து நாளா ஒரு சிமிட்டல் இல்ல. ஆறே காலுக்கு எரிஞ்சு விடிய அணையுது. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் கூட்டிப் போயிக் காட்டுறேன்.

முந்தாநாள் மத்தியானம் மூணு மணி. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. கேட் விளக்கு எரியுது. உங்கத்தை திண்ணையில இருந்து பார்த்துட்டு, "என்ன, உங்க விளக்குக்குப் பொழுது சாஞ்சிருச்சா?"ன்னா. போயிப் பார்த்தா, மழைக்கு வந்த நத்தை ஒன்னு, அந்தச் சின்னப் பேனல் மேல ஏறி, ஒரு வில்லையை முழுசா மூடிப் படுத்துக்கிட்டு இருக்கு.

நத்தையை எடுத்து வாழைக்குழியில விட்டுட்டேன். "சோதனை பண்ணேன்"னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ வாயைத் திறந்துராத. கார்த்திகைக்கு வரும்போது டையோடும் மஞ்சள் எல்.இ.டி பத்தும் வாங்கிட்டு வா.